ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றால்: பாகத்தை மாற்றும் முன் சோதனை

டாஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிவது ஒரு செய்தி. விட்டு விட்டு மின்னுவது வேறு செய்தி. நிலையாக எரிந்தால் எங்கேயோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் பாருங்கள் என்று பொருள். மின்னினால், எரியாத பெட்ரோல் இந்த நொடியில் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, உடனே காலைத் தளர்த்துங்கள் என்று பொருள். மலையேற்றத்தில் இரண்டாவது கியரில் வண்டி குலுங்கி, இழுவை செத்து, விளக்கும் மின்னத் தொடங்கினால் நம்மில் பலர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தி மிதிக்கிறோம். கையிருப்பை அதிகம் கரைப்பது அந்த மிதிதான்.

பட்டறைகளில் இந்தக் குலுக்கலை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். ‘ஒரு பிளக் அடிக்கல’, ‘மூணு சிலிண்டர்லதான் ஓடுது’ என்பதெல்லாம் இதே நோய்தான். 3,000 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால், அந்த 25 முறையும் உள்ளே போன பெட்ரோலும் காற்றும் அப்படியே வெளியேறி கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகின்றன. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பாகம் நம் வண்டியில் மிக விலை உயர்ந்தவற்றில் ஒன்று. அதீத வெப்பத்தில் பூச்சு கெடும். இன்னும் மிஞ்சினால் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடே உருகி அடைத்துக்கொள்ளும். காட்டுப்பாதையில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கொதிக்கும் கன்வெர்ட்டரோடு காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். கோடையில் மலைச்சரிவு எப்படி எரியும் என்று நமக்குத் தெரியும். ஓரம் கட்டும்போது வெறும் மண்ணோ பாறையோ பார்த்து நிறுத்துங்கள்.

இந்தக் கோளாறைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒன்றுதான். நான் பார்த்த அளவில், இவ்வளவு பணத்தை வீணாக விழுங்கும் வேறு கோளாறு இல்லை. பிளக் மாற்று, காயில் மாற்று, இன்ஜெக்டர் மாற்று, பம்ப் மாற்று என்று பில் ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஒழுங்கான வரிசையில் சோதித்தால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் காரணத்தைத் தொட்டுவிடலாம்.

கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

எஞ்சின் கம்ப்யூட்டர் சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கிராங்க் சென்சார் வழியாக கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை நுணுக்கமாக அளக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் எரிந்து கிராங்கை ஒரு தள்ளு தள்ளும். எரியாத சிலிண்டரின் முறை வரும்போது அந்தத் தள்ளு கிடைக்காமல் வேகம் இம்மியளவு தொய்யும். எந்த டிகிரியில் தொய்ந்தது என்பதை வைத்து எந்த சிலிண்டர் என்று கணக்கிடுகிறது. பி0301 முதல் பி0304 வரையிலான கோளாறுக் கோடுகளில் (code) கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் இல்லை, மாறி மாறி வருகிறது.

அமெரிக்க விதிகளின்படி இந்தக் கணக்கு இரண்டு அளவில் நடக்கும். 200 சுற்றுகளுக்குள் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருந்தால் விளக்கு மின்னும். 1,000 சுற்றுகளில் புகை அளவை மீறும் விதத்தில் இருந்தால் நிலையாக எரியும். முதல் பத்தியில் சொன்ன இரண்டு செய்திகளும் இங்கிருந்து வருபவை.

ஆஃப்ரோடு ஓட்டுபவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கல்லிலும் பள்ளத்திலும் டயர் ஏறி இறங்கும்போது அந்த அதிர்ச்சி ஆக்ஸில், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் வழியாகத் திரும்பிவந்து கிராங்கின் வேகத்தையும் அசைக்கும். கம்ப்யூட்டருக்கு அது மிஸ்ஸிங் போலத் தெரியலாம். அதனால் பல வண்டிகள் ஏபிஎஸ் சென்சார்களைப் பார்த்து, கரடுமுரடான பாதை என்று தெரிந்தால் இந்தக் கண்காணிப்பையே சிறிது நேரம் நிறுத்தி வைக்கின்றன. ஆக, பாறையில் வந்த கோடு பொய்யாக இருக்கலாம். பாறையில் வராத கோடு எஞ்சின் நலமாக இருப்பதற்குச் சாட்சியும் ஆகாது. தார்ச் சாலையில், சீரான ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு ஜிம்னியின் கதை

நண்பர் ஒருவரின் ஐந்து கதவு ஜிம்னி. 2023-இல் இந்தியச் சந்தைக்கு வந்த அந்த வண்டியில் இருப்பது 1,462 சிசி கே15பி பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில். கொல்லிமலை அடிவாரத்தில் தெரிந்தவர் தோட்டத்து ஓடையில் ஏற்றி இறக்கி விளையாடியிருக்கிறார்கள். சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் காரவள்ளியிலிருந்து அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி குலுங்க ஆரம்பித்தது. சமதளத்தில் ஒன்றுமில்லை. ஐடிலில் ஒன்றுமில்லை. ஏற்றத்தில் மிதித்தால் மட்டும் திணறல்.

ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். நான்கு காயில், நான்கு பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், அதற்கும் சரியாகாவிட்டால் ஃபியூயல் பம்ப் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். “அண்ணே, எல்லாத்தையும் மாத்திடட்டுமா?” என்று போனில் கேட்டார். “எதையும் மாத்தாத. கோடையும் அழிக்காத. வண்டியை அப்படியே கொண்டு வா” என்றேன்.

கோடை அழிக்காதே என்று சொன்னதற்குக் காரணம், அதோடு சேர்ந்து அழிந்துபோகும் ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் மேல் பளு எவ்வளவு, கூலன்ட் வெப்பம் எவ்வளவு, வண்டியின் வேகம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்திருக்கும் பதிவு அது. விலை குறைந்த இஎல்எம்327 புளூடூத் கருவியும் போனில் ஒரு செயலியும் இருந்தாலே பெரும்பாலும் படித்துவிடலாம். பல வண்டிகளில் மோட் 06 என்ற பகுதிக்குள் போனால் ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை முறை தவறியது என்ற எண்ணிக்கைகூடத் தெரியும்.

இந்த வண்டியில் கோடு பி0303. ஃப்ரீஸ் ஃப்ரேமில் எஞ்சின் நல்ல சூட்டில் இருந்தது, ஆர்பிஎம் நடுத்தரம், பளு மிக அதிகம். இதுவே பாதி விடை. பளு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு இன்னும் அதிக வோல்ட்டேஜ் வேண்டும். பலவீனமான பொறி ஐடிலில் சமாளித்துவிடும், ஏற்றத்தில் கைவிட்டுவிடும். அதனால் என் முதல் சந்தேகம் பற்றவைப்புப் பக்கம் போனது. இதுவே ஐடிலில் குலுங்கி, மிதித்தால் சரியாகும் வண்டியாக இருந்திருந்தால் காற்றுக் கசிவையோ வால்வையோ முதலில் தேடியிருப்பேன்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

காயில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருப்பதில் பெரிய வசதி, இடம் மாற்றிப் பார்க்கலாம். மூன்றாவது சிலிண்டரின் காயிலை எடுத்து முதலாவதில் போடுங்கள், முதலாவதை மூன்றில் போடுங்கள். கோடை அழித்து, மிஸ்ஸிங் வந்த அதே மாதிரி ஏற்றத்தில் ஓட்டுங்கள். கோடு பி0301 என்று மாறிவிட்டால் காயில்தான் குற்றவாளி. பி0303-லேயே நின்றால் காயில் நிரபராதி. புதுப் பாகம் எதுவும் வாங்காமல் தீர்ப்பு கிடைத்துவிடும். அடுத்து பிளக்கை இதே போல வேறொரு சிலிண்டருக்கு மாற்றுங்கள். காயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு மாற்றிவிட்டால், கோடு நகர்ந்தாலும் எதனால் நகர்ந்தது என்று தெரியாது.

பிளக்கைக் கழற்றும்போது அதன் முகத்தைப் படியுங்கள். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். நனைந்து பெட்ரோல் வாசம் வந்தால் எரிபொருள் வருகிறது, பெரும்பாலும் பொறிதான் வரவில்லை. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிக வெப்பம். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடு தெரிந்தால் பொறி உள்ளே போகாமல் பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது. அப்போது காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் அந்தப் பழைய ரப்பர் புதுப் பிளக்கிலும் சீக்கிரமே கோடு போட்டுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எங்கள் ஜிம்னியில் காயிலை மாற்றினோம், கோடு மூன்றிலேயே நின்றது. பிளக்கை மாற்றினோம், அப்போதும் மூன்றிலேயே நின்றது. ஆக, அந்த ஒர்க்‌ஷாப் பட்டியலின் முதல் எட்டுப் பாகங்களும் தேவையற்றவை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. நோய் இடம் மாறவில்லை என்றால் அது நாம் இன்னும் நகர்த்தாத ஒன்றில் இருக்கிறது: வயரிங், அல்லது அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர், அல்லது கம்ப்ரஷன்.

இன்ஜெக்டர் மேல் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் ‘டிக் டிக்’ என்று சீராகக் கேட்க வேண்டும். நான்கிலும் ஒரே மாதிரி கேட்டது. அடுத்து மல்டிமீட்டரை எடுத்தோம். எஞ்சின் ஓடும்போதே ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைக் காயில் கனெக்டரின் பின்பக்கமாக மின்சாரம் வரும் வயரிலும் வைத்து, வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பதுதான் வோல்ட்டேஜ் டிராப் சோதனை. மற்ற மூன்று காயில்களிலும் இழப்பு மிகச் சொற்பம். மூன்றாவதில் ரேஸ் கொடுத்ததும் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. மீட்டர் காட்டுவது சராசரிதான். காயில் முழு மின்னோட்டம் இழுக்கும் கணத்தில் இழப்பு அதைவிட அதிகம். மின்னோட்டம் பாதியானால் காயிலில் சேரும் ஆற்றல் கால்வாசியாகக் குறையும். பொறி ஏன் ஏற்றத்தில் தோற்றது என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

கனெக்டர் வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. டெர்மினலை வெளியே இழுத்ததும், வயரும் டெர்மினலும் கவ்வும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ரப்பர் சீல் ஒரு பக்கம் மடிந்திருந்தது. புது டெர்மினலும் சீலும் போட்டு, வயரைச் சரியாகக் கிளிப்பில் மாட்டினோம். அதே ஏற்றம், அதே கியர், மூன்றாவது சிலிண்டரில் ஒரு மிஸ்ஸிங்கூடப் பதிவாகவில்லை.

பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் மாற்றியிருந்தாலும் இது சரியாகியிருக்காது. இதைவிட ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. களிம்பு கனெக்டரின் பின்னில் இருந்தால், காயிலைக் கழற்றி மாட்டும்போது பின்கள் உரசிக்கொண்டு தற்காலிகமாகச் சரியாகிவிடும். புதுக் காயில்தான் குணப்படுத்தியது என்று பணம் கட்டிவிட்டுப் போவோம். அடுத்த மழையில் அதே நோய் திரும்பி வரும். அதனால்தான் எந்தப் பாகத்தைத் தொட்டாலும் அதன் கனெக்டரை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது?

மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் 650 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்லப்படுகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கனெக்டர்களும் சீல்களும் அந்த ஆழத்துக்குத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஞ்சின் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது பிளக் குழிக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறியிருக்கும். ஓடையின் குளிர்ந்த நீர் மேலே அடித்ததும் மிச்சக் காற்று சுருங்கும். அந்த இழுப்பில் சிறு இடுக்கு கிடைத்தாலும் தண்ணீர் உள்ளே போகும். ஆக்ஸில் பிரீதரை உயரத்துக்குக் குழாய் போட்டு ஏற்றுகிறோமே, அதற்கும் இதே காரணம்தான்.

பிரஷர் வாஷ் இன்னும் மோசம். பயணம் முடிந்து சேறு போக எஞ்சின் மேல் நேராக அடிக்கச் சொல்பவர்கள் நிறைய. அந்த அழுத்தத்துக்குப் பெரும்பாலான ரப்பர் சீல்கள் செய்யப்படவில்லை. வாஷிங்கில் நிற்கும் பையனிடம் “தம்பி, எஞ்சின் மேல மட்டும் அடிக்காதப்பா” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதிர்வு இன்னொரு எதிரி. வயரிங் ஹார்னஸ் ஒரு கிளிப் உடைந்து பிராக்கெட்டில் உரசினால் மேலுறை தேய்ந்து செம்பு தெரியும். பளுவில் எஞ்சின் தன் மவுன்ட்டில் சாயும்போது மட்டும் அது வண்டியின் பாடியைத் தொடும். எஞ்சின் ஐடிலில் ஓட, ஹார்னஸை அங்கங்கே மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஓசை தடுமாறும் இடத்தில் நோய் இருக்கிறது. மலைப்பக்கம் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த வயரும் இதே கணக்குதான்.

இரண்டு கண்ணிகள், கவனம்

மிஸ்ஸிங்கோடு பி0171 என்ற ‘லீன்’ கோடும் சேர்ந்து வந்தால் உடனே பெட்ரோல் போதவில்லை என்று பம்ப்பைக் கழற்றுவார்கள். அவசரம் வேண்டாம். ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, ஆக்ஸிஜனைத்தான் அளக்கிறது. பற்றாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு ஆக்ஸிஜனும் எரியாமல் வெளியே வருகிறது. அந்த ஆக்ஸிஜனைக் கண்டதும் கம்ப்யூட்டர் லீன் என்று நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றும். மிஸ்ஸிங்கைச் சரிசெய்த பிறகும் அந்தக் கோடு திரும்ப வந்தால் மட்டும் பம்ப், ஃபில்டர், காற்றுக் கசிவு என்று தேடுங்கள்.

இரண்டாவது கண்ணி, பழைய பழக்கம். கார்புரேட்டர் ஜீப்களில் எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எது அடிக்கவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். இன்றைய வண்டியில் காயிலை அப்படிக் கழற்றினால் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்கும் போகும். செய்தே ஆக வேண்டுமென்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். பெட்ரோலே போகாததால் கன்வெர்ட்டர் தப்பிக்கும். ஓசையில் மாற்றம் இல்லாத சிலிண்டர்தான் படுத்திருக்கும் சிலிண்டர்.

அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால்

காயில், பிளக், வயர், இன்ஜெக்டர் எல்லாம் சரி என்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். லீக் டவுன் சோதனை இன்னும் தெளிவாகச் சொல்லும். சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் காதைக் கொடுத்தால், திராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னாலேயே எங்கே நோய் என்று தெரிந்துவிடும்.

பி0300 வந்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: இன்டேக்கில் காற்றுக் கசிவு, ஃபியூயல் பிரஷர், பெட்ரோலில் தண்ணீர். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு ஈரத்தைத் தனக்குள் ஏற்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். நீண்ட நாள் கேனில் வைத்த பெட்ரோலை மலை மேல் ஊற்றும் பழக்கம் இருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கும் பொறியும் இல்லை. அங்கே ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் கொடுக்கும் திருத்த அளவையும், இன்ஜெக்டரின் ரிட்டர்ன் அளவையும் ஒப்பிட வேண்டும். சோதித்த பிறகே மாற்ற வேண்டும் என்ற விதி அங்கேயும் அப்படியே பொருந்தும்.

செலவு குறைந்த முன்னெச்சரிக்கைகள்

ஓடையில் இறங்கும் முன் எஞ்சின் சூடு சற்றுத் தணியக் காத்திருங்கள். தண்ணீரில் ஓட்டிய பிறகு கனெக்டர்களை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் ரப்பர் சீலிலும் காயில் உறையின் உள்விளிம்பிலும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெலிதாகத் தடவுங்கள். வண்டியில் ஒரு பிளக், ஒரு காயில், ஓபிடி கருவி, மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர் வைத்திருங்கள். மிஸ்ஸிங்கோடு நெடுந்தூரம் ஓட்டியிருந்தால் எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். “இந்தப் பார்ட் போயிருச்சு, மாத்தணும்” என்று யார் சொன்னாலும், “எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது அண்ணே?” என்று மரியாதையாகக் கேளுங்கள். காயிலை மாற்றிப் போட்டேன், கோடு நகர்ந்தது என்றோ, கம்ப்ரஷன் இவ்வளவுதான் வந்தது என்றோ பதில் வந்தால் தயங்காமல் பணத்தைக் கொடுங்கள். அவர் நல்ல மெக்கானிக், விட்டுவிடாதீர்கள். ‘போட்டுப் பாப்போம்’ என்று பதில் வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.